அண்ணை சொன்னதை ஆசிரியை எழுதிக்கொண்டார்

எங்கள் வீட்டில் உடுப்புக் கழுவும் மெஷினைத் திறந்தால் உடுப்புகளில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். மகனின் காற்சட்டைப் பைகளில் கிடந்த ரிசீற்றுகள் அவை. ஒரு சூயிங்கம் வாங்கினாலும் ரிசீற்றை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவனுடைய அப்பாவின் சட்டம். வேறு சட்டங்களும் உண்டு. கடைக்குள் போனால் ஜாக்கெட்டின் தொப்பியை இறக்கிவிட வேண்டும். கைகள் பைக்குள் இருக்கக் கூடாது. பஸ் போகிறதே என்று இருட்டில் ஓடக் கூடாது, அடுத்த பஸ்ஸில் வரலாம். பொலிஸ் ஏதும் கேட்டால் முகத்தைப் பார்த்து, அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் வேறு எவருக்கும் இப்படி இல்லை என்று மகன் முறைப்பட்டிருக்கிறான். அது உண்மைதான் என்று அப்பா ஒத்துக்கொண்டார். சட்டத்தை மாற்றவில்லை.

என் கணவர் கானாவில் பிறந்தவர். லொறி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஜெர்மனியில். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள். இப்போது டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில், முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். மகனுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் உயரம். சின்ன வயதில் பஸ்ஸில் அவனுடைய சுருள் முடியைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு வடிவு என்று சொன்ன பெண்கள், அவன் என்னைவிட உயர்ந்த பிறகு அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவதில்லை. அதே பஸ், அதே பெண்கள்.

என் அண்ணை எனக்கு முன்பே டென்மார்க் வந்தவர். நான் கலியாணம் கட்டியபோது அவர் வரவில்லை. ஆபிரிக்கர்களைக் குறிக்க எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்தவர், மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தாய்மாமன் என்ற பதவியை அவர் முழுநேர வேலையாகவே பார்த்தார். மகனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர்தான். மகன் டேனிஷில் பதில் சொன்னால், "டேய், வாயில என்ன உருளைக்கிழங்கோ, தமிழில கதை" என்பார். அவன் சிரித்துக்கொண்டு மறுபடியும் டேனிஷிலேயே சொல்வான்.

எட்டாம் வகுப்பில், பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்பள்ளியான ஜிம்னாசியத்துக்குப் போகத் தயாரா என்று பாடசாலை ஒரு கருத்துச் சொல்லும். மகனுக்குப் பாலம் கட்டும் பொறியியல் படிக்க ஆசை. அதற்கு ஜிம்னாசியம்தான் நேர்வழி. பெற்றோர் சந்திப்பு வந்த கிழமை கணவர் ஹம்போர்க் பக்கம் இருந்தார். தாய்மாமன் நான் இருக்கிறேன் என்று அண்ணை வந்தார். அவருடைய டேனிஷ் என்னுடையதைவிட நல்லது. நான் சம்மதித்தேன். மகனும் எங்களுடன் வந்தான்.

வகுப்பாசிரியை நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மேசையில் கோப்பித் தெர்மொஸ், கறுவாப் பிஸ்கட், திறந்த மடிக்கணினி. மகன் எழுத்து வேலைகளை நன்றாகச் செய்கிறான், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை, அதற்கு என்ன காரணம் என்று தனக்குப் பிடிபடவில்லை என்றார். வீட்டில் எப்படி என்று கேட்டார்.

அண்ணை சிரித்தார். "சரியான சோம்பேறி," என்றார் டேனிஷில். "புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எந்த நேரமும் போன்தான். இவன் எங்கே உருப்படப் போகிறான்?"

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. சொந்தப் பிள்ளையை மற்றவர்களுக்கு முன்னால் புகழ்வதில்லை. புகழ்ந்தால் கண்ணூறு படும். பெற்றவர்கள் குறைத்துச் சொல்வதும், எதிரில் இருப்பவர் இல்லையில்லை, கெட்டிக்காரப் பிள்ளை என்று மறுப்பதும் வழக்கம். அண்ணை தன் மகளைப் பற்றியும் பாடசாலையில் மொக்கு என்றே சொல்லிவந்தார். ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் சிரித்து மறுத்தார்கள். அவள் இன்று ஓகூஸ் நகரில் டொக்டர்.

அண்ணை மறுப்புக்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஆசிரியை மறுக்கவில்லை. தலையசைத்துவிட்டு, நீங்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது உதவியாக இருக்கிறது என்றார். பிறகு மடிக்கணினியில் எழுதினார். ஒரு வசனத்தைவிடக் கூடுதலாக எழுதினார் என்பது விரல்களில் தெரிந்தது. நான் இடையில் புகுந்து, அவன் வீட்டில் நன்றாகப் படிக்கிறவன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கனிவு இருந்தது. தாய் அப்படித்தானே சொல்வாள் என்ற கனிவு. எழுதவில்லை. மகன் மாமாவைப் பார்த்தான், பிறகு பிஸ்கட் தட்டைப் பார்த்தான்.

காரில் அவன் கேட்டது ஒன்றுதான். மாமா உண்மையாகவே அப்படி நினைக்கிறாரா?

"டேய், அது சும்மா ஒரு கதைக்குச் சொல்லுறது. உனக்குத் தெரியாதே?" என்றார் அண்ணை.

"எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியாது," என்றான் மகன். தமிழில் சொன்னான்.

இரண்டு கிழமையில் ஆசிரியை தொலைபேசி எடுத்தார். இப்போதைக்கு 'தயாரில்லை' என்று போடுகிறோம், வசந்தத்தில் மீண்டும் பார்ப்போம். ஆர்வம் குறைவு என்பது வகுப்பிலும் தெரிகிறது, குடும்பமும் அதையே சொல்கிறது. தொழிற்பயிற்சி அவனுக்குப் பொருந்தலாம். கைகளால் வேலை செய்கிற பையன்கள் பலர் நன்றாக வருகிறார்கள். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அண்ணையை வரச் சொன்னார். இருவருக்கும் பொதுவான மொழி டேனிஷ்தான். இரண்டு விதமான உச்சரிப்பில் அவர்கள் பேசுவதைக் கேட்க அயலவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அன்று வேடிக்கையாக இல்லை.

தன் மகளுக்கு இதையே சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லையே என்றார் அண்ணை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"உன் மகள் சின்ன உருவம், இரண்டு பின்னல், ஆசியப் பெண்," என்றார் கணவர். "அவள் சோம்பேறி என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இவனைப் பற்றி அந்தக் கதை அவர்களிடம் முதலே இருக்கிறது. நீ போய் ஓம், உண்மைதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்."

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒருவர் சொன்னால் அது பேச்சு. இரண்டாவது ஆள் உறுதிப்படுத்தினால் செய்தி. ஆசிரியையிடம் ஒரு சந்தேகம் மட்டுமே இருந்தது. அண்ணை இரண்டாவது ஆள்.

மறுபடியும் சந்திப்புக் கேட்டோம். கணவர் லீவு எடுத்தார். அண்ணை வரவேண்டாம் என்று நான் நினைத்தேன். அவர் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கோட்டுடன் வாசலில் நின்றார். "நான் சொன்னதை நான்தான் திருப்பி எடுக்கவேணும்," என்றார். கணவர் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

அண்ணை முதலில் வழக்கத்தை விளக்கினார். எங்கள் மக்கள் பிள்ளையை வெளியாட்களிடம் புகழமாட்டார்கள், நான் அன்று சொன்னது உண்மை அல்ல என்றார். ஆசிரியை கவனமாகக் கேட்டார். அப்படியென்றால் எது உண்மை என்று கேட்டார்.

பிள்ளை பக்கத்திலேயே இருந்தான். அறுபது வயதுவரை செய்யாத ஒன்றை அண்ணை செய்ய வேண்டியிருந்தது. கழுத்துப்பட்டையில் விரலை விட்டுத் தளர்த்தினார்.

பிறகு சொன்னார். நான் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தபோது பாடசாலை விட்டதும் இவன் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்தான். ஆஸ்பத்திரி சொன்ன பயிற்சிகளை வீடியோவில் பார்த்து எனக்குச் செய்வித்தான். நான் ஏமாற்றினால் விடமாட்டான். வீட்டுப்பாடத்தை என் சமையலறை மேசையில் செய்தான். பாலங்களைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தான். தொங்குபாலத்தில் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று என் சப்பாத்து நூலைக் கட்டிக் காட்டினான். "கெட்டிக்காரன்," என்று தமிழில் சொன்னார். ஆசிரியைக்காக டேனிஷிலும் சொன்னார்.

ஆசிரியை மடிக்கணினியைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு மகனிடம் திரும்பினார். மாமாவுக்கு வகுப்பு எடுப்பவன் என் வகுப்பில் ஏன் பேசுவதில்லை?

"நான் கதைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்," என்றான். "பிழையாகச் சொல்ல ஏலாது. சரி என்று நிச்சயமாகத் தெரியும்வரை இருக்கிறேன். அதற்குள் வேறு ஆள் சொல்லிவிடும்."

கணவர் தன் கைகளைப் பார்த்தார். தொப்பி, ரிசீற்று, ஓடாதே என்று அவர் சொல்லிக்கொடுத்தது வகுப்பறைக்குள்ளும் போயிருந்தது.

வசந்தம்வரை எழுத்துடன், சிறு குழுவில் வாய்மொழியும் பார்க்கிறேன் என்றார் ஆசிரியை. அதற்கு மேல் வாக்குறுதி தரவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை எங்கள் குசினியில் உப்பும் செத்தல் மிளகாயும் கேட்டார். மகன் உயரம் என்பதால் அவனைக் கதிரையில் இருத்தி, மூன்று தரம் சுற்றி, சட்டியில் போட்டார். புகை எச்சரிக்கை மணி அலறியது. கணவர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்து, இது எதற்கு என்றார். இன்று சொன்ன புகழுக்கு என்றேன். "மாமா, மிளகாய்க்கு ரிசீற் இருக்கோ?" என்றான் மகன். அண்ணை அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

வசந்தத்தில் கருத்து மாறியது. மகன் இப்போது ஜிம்னாசியத்தில் இரண்டாம் வருடம். அப்பாவின் சட்டங்களில் ஒன்றும் நீக்கப்படவில்லை. மெஷினில் துணுக்குகள் வருகின்றன. பாடசாலைச் சந்திப்புகளுக்கு அண்ணையும் வருகிறார், என்ன சொல்ல வேண்டும் என்று காரிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் வைலேயில் ஒரு கலியாண வீட்டில், தங்கச்சியின் மகன் என்ன செய்கிறான் என்று ஒருவர் கேட்டார். "ஏதோ படிக்கிறான்," என்றார் அண்ணை. கேட்டவர் உடனே மறுத்தார், நல்ல கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டோமே என்றார். அங்கே யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.