வெள்ளையம்மாள் வீட்டு உறைமோர்

கிளியனூரில் வெள்ளையம்மாள் வீட்டு உறைமோருக்கு அப்படியொரு பேர். தெருப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். கொடுப்பதற்கு அவள் கை கூசியதே இல்லை. மல்லாட்டைக் கடலை, முருங்கைக்கீரை, புத்திமதி எல்லாமே அந்த வீட்டில் கேட்காமலே கிடைக்கும். புத்திமதி மட்டும் அவ்வளவாக விலை போகாது.

ஐம்பத்தேழில் எலெக்‌ஷன் நடந்த சமயம் அவளுக்கு வயிற்றால் போய், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. திண்டிவனத்துக் கம்பவுண்டர் அப்பாதுரை மஞ்சள் கேப்சூல் கொடுத்து, முழுக்கச் சாப்பிட்டு முடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார். மறுநாளே நின்றுவிட்டது. நின்ற பிறகு எவளாவது மருந்து சாப்பிடுவாளா? மீதியை வெந்தய டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு வயிறு கடமுட என்றாலும் அந்த டப்பாதான். புருஷன் தாண்டவராயனுக்கு ஒன்று, ஒரே மகள் பவுனுக்கு ஒன்று, தெருவில் கேட்டு வந்தவர்களுக்கும் ஒன்று. தீர்ந்துபோனால் தாண்டவராயன் சந்தைக்குப் போகும்போது வாங்கி வருவான். "ஒண்ணுக்கே நிக்குது, எதுக்கு இன்னொண்ணு?" என்பாள். நிற்கவும் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

சில வருஷம் கழித்துப் பவுனைப் பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் ஆடிக்குப் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டுமே. வெள்ளையம்மாளே போய் அழைத்து வந்தாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் பவுனுக்கு ரத்தமும் சீதமுமாகப் போக ஆரம்பித்தது. டப்பாவைத் திறந்து ஒன்று கொடுத்தாள். நிற்கவில்லை. இரண்டாவதற்கும் நிற்கவில்லை. பெண்ணின் கண் உள்ளே போன பிறகுதான் பயம் பிடித்து, திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டர். குளுக்கோஸ் ஏற்றினார், வேறு மருந்து, வேறு ஊசி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். எதற்கும் கேட்கவில்லை. வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். வெள்ளையம்மாள் டப்பாவின் கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

"எல்லார் வயித்துலயும் கெடுதல் பண்ணாத கிருமி ஏராளமா இருக்கும்மா," என்றார் டாக்டர். "அதுல மருந்துக்குச் சாகாதது கொஞ்சம் இருக்கும். ஒண்ணு ஒண்ணா மருந்து போட்டா மத்தது சாகும், அந்தக் கொஞ்சம் பெருகிடும். அப்புறம் பேதிக் கிருமி உள்ள வந்தா, சாகாம இருக்கிற வித்தையை அதுக்கும் குடுத்துடும். ஒரு மருந்துக்கு மட்டும் இல்ல, பல மருந்துக்கும் சேர்த்து ஒரே மூட்டையா. இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"கிருமிக்குக் கிருமி குடுக்குமா சார்?"

"நீங்க உறைமோர் குடுக்கிற மாதிரிதான். குடுத்தவங்களுக்குக் கொறையாது, வாங்கினவங்களுக்குப் பானை நெறைஞ்சிடும்."

அவள் பெண் படுத்திருந்த கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ எம்பொண்ணுக்கு நான்தான் குடுத்தேனா?" என்றாள்.

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

மறுநாள் மத்தியானம் பவுனு போய்விட்டாள். கல்யாணத்துக்கு வாங்கின வளையல்கூட இன்னும் நிறம் மங்கவில்லை. டாக்டர் சொல்ல முடியாது என்றதை, நான்தான் குடுத்தேன் என்று வெள்ளையம்மாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவை எடுத்துப்போய் அடுப்பில் கவிழ்த்தாள்.

கருமாதி முடிந்து பல நாள் கழித்து எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஒரு ரவ உறைமோர் ஊத்துக்கா."

பானை நிறையத் தயிர் இருந்தது. வெள்ளையம்மாள் தன் கையைப் பார்த்தாள். "இல்ல கோயிந்தம்மா. இனிமே எங்க வீட்லேருந்து ஒண்ணும் வாங்கிக்கினு போவாதீங்க."

பெண்ணைப் பறிகொடுத்தவள், ஏதோ சொல்கிறாள் என்று கோவிந்தம்மாள் சட்டை செய்யவில்லை. "சரி வுடு. அந்த மஞ்ச மாத்திர ஒண்ணாவது குடு. எங்க பெரியவனுக்குக் காலைலேருந்து வயித்தால போவுது."

"அடுப்புல போட்டுட்டேன்டி. அது வாணாம். ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" கோவிந்தம்மாள் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "நீ கவலப்படாத அக்கா. போன வருசம் நீ குடுத்தியே, அதப் பிரிச்சிப் பாதிதான் போட்டேன். மீதி பொட்டலத்துல பத்திரமா கீது."