மொய்தீன் பாய் பங்கு பிரிக்காத தண்ணீர்

தண்ணீர் லாரி வருமா வராதா என்று நாம் அடித்துக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில்தான், போன செவ்வாய்க்கிழமை காலை, மொய்தீன் பாய் காலமான செய்தியும் வந்தது. அடையாறில் நம் குடியிருப்புக்கு நெடுநாள் செயலாளர். காபியை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். அவரோடு நான் போட்ட சண்டைகளை எல்லாம் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நீங்கள், அழுததையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மழை பொய்த்த அந்தக் கோடையில் லாரித் தண்ணீரை அவர்தான் நின்று அளந்து விட்டார். "எங்காத்துல ஆறு பேர் இருக்கோம் பாய், ரெண்டு குடம் கூட விட்டா குடியா முழுகிடும்?" என்று பாய்ந்தேன். "ராஜா வூடா இருந்தாலும் ஒரே அளவுதான் மாமி" என்றார். அவர் வீட்டுக்கும் அதே அளவுதான் போனது. என் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அதே வறட்சி, பண்ருட்டிப் பக்கம் இருந்த அவருடைய முந்திரித் தோப்பையும் பிடித்தது. ஆழ்குழாய்க் கிணற்றில் கொஞ்ச நேரம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நமக்கு அளந்த மாதிரியே மரத்துக்கு மரம் சமமாக ஊற்றினார்! பூ கருகியது, பிஞ்சு கொட்டியது. தோப்பில் பங்குள்ள அவர் அண்ணன் கே.கே. நகரிலிருந்து நம் குடியிருப்புக்கே வந்தார். "அடுத்த பூவும் இப்படிப் போச்சுன்னா மனை போடுறவங்களுக்குக் குடுத்துடலாம்பா" என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பாயின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மரத்தடியில் அவரே மண்வெட்டி போட்டுப் பார்த்திருக்கிறார். "மேல ஈரம், ஒரு சாண் கீழ போனா மாவு மாதிரி காஞ்சி கீது. எல்லாத்துக்கும் குடுத்து எதுக்கும் குடுக்கல மாமி" என்றார் என்னிடம்.

அடுத்த பூவுக்கு முன், நெருக்கிய கிளைகளை வெட்டினார், சருகை அள்ளி மரத்தடிகளை மூடினார். பூ விடும்வரை மோட்டாரைத் தொடவில்லை. பூ வந்ததும், பாதி மரங்களுக்கு மட்டும், வேர் நனைய நனைய விட்டார். மீதிப் பாதி, ஆழமாக வேரோடிய பழைய மரங்கள், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றன. "அதுங்க பக்கம் திரும்பவே மனசு வரல" என்றார். சமம் சமம் என்றே வாழ்ந்த மனிதர் அல்லவா!

காய்த்தது பாருங்கள், அடேயப்பா! தண்ணீர் குடித்த மரங்களில் கொத்துக் கொத்தாகப் பழம். பட்டினி கிடந்தவற்றில் காய்ப்பு குறைவுதான். ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. அண்ணன் வந்து சுற்றிப் பார்த்தார், விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. பாய் வீடு வீடாக வறுத்த முந்திரி கொடுத்தார். "இதுவும் எல்லாருக்கும் சமமா?" என்று சீண்டினேன். "சண்டைக்காரிக்கு ஒரு பிடி கூட" என்று சிரித்தார்.

நேற்று, ஆறுதல் சொல்ல அவர் மகள் ஷமீமைப் போனில் அழைத்தேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். "தோப்புல இருக்கேன் மாமி. பூ வந்துடுச்சு, நம்ம துக்கம் முடியற வரைக்கும் அது காத்திருக்குமா? அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். என் ஆறுதல் எல்லாம் எனக்கே மிச்சம்.

ஊரே மெச்சிய தன் வழக்கத்தை, ஓர் உயிர் காய்கிறது என்றதும் விட்டுக்கொடுத்த அந்த நெஞ்சுரத்தை நான் வைத்துக்கொள்கிறேன். தோப்பு நிற்கிறது, பாய். இந்த வருடமும் காய்க்கும்.