மாப்பிள்ளைச் சவரம்

நெஜ்மி அதுவரை சவரக்கத்தி வைத்ததெல்லாம் நுரை பூசிய பலூன்கள் மேல்தான். முப்பத்தெட்டு வயதில் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுத் தொழில் கற்க வந்தவர். அன்று காலை கடைக்காரர் ஹிக்மெத் படியில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. வாசலில் மேளம் முழங்க, கல்யாண மாப்பிள்ளை வேதாத் தோழர் கூட்டத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"கடை மானத்தைக் காப்பாத்துப்பா," என்று ஹிக்மெத் கத்தியை நீட்டினார்.

கன்னங்கள் இரண்டும் எப்படியோ முடிந்தன. கத்தி தொண்டைக்கு வந்தது. மாப்பிள்ளை எச்சில் விழுங்கினான். குரல்வளை ஏறி இறங்கியது. நெஜ்மியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஏதாவது சொல்லித் தப்பித்தாக வேண்டும்.

"கத்தி வெட்ட மாட்டேங்குது," என்றார்.

கடையே ஆரவாரத்தில் அதிர்ந்தது. துருக்கியின் அந்தெப் நகரத்தில் எந்த மாப்பிள்ளைச் சவரத்திலும் நாவிதர் பாதியில் நிறுத்திச் சொல்லும் வசனம் அதுதான். தோழர்கள் காசு போட்டால்தான் கத்தி மறுபடி வெட்டும்.

"ஆரம்பிச்சிட்டாருய்யா! போடுங்கடா!" என்று ஒருவன் கத்த, மாப்பிள்ளையின் மடித்துண்டில் லிரா நோட்டுகள் விழுந்தன. "இப்ப வெட்டுமா, மாஸ்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நடுங்கும் கத்தியை அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசையாமல் முணுமுணுத்தான்:

"அண்ணே, இன்னும் வெட்டலைன்னே சொல்லுங்க. கை நிதானத்துக்கு வரட்டும். காசு அவனுங்களுது, கழுத்து என்னுது."