புது மெஷினும் என் ஸ்டூலும்

தாம்பரத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனி. அங்கே கஸ்டமர்களுக்கு மூட்டை மூட்டையாகப் போகிற லோன் ஸ்டேட்மென்டை மடித்துக் கவரில் போடுவது என் வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் என் மடிப்பு கோணாது.

பிரிண்டிங் ரூமுக்குப் புது மெஷின் வந்தது. அச்சடித்து, மடித்து, கவரிலும் அதுவே போட்டுவிடுமாம். இடம் போதவில்லை என்று என் ஸ்டூலை வராண்டாவில் வைத்துவிட்டார்கள். அடுத்து என்னையும் அனுப்பிவிடுவார்களோ என்று என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் மனசு வரவில்லை.

மேனேஜர் சார் பூஜை போட்டு, பேப்பர் போகிற வாய் வரைக்கும் குங்குமம் வைத்தார். ஓடவிட்டால் தாளெல்லாம் சிவப்புத் தீற்றலோடு வந்து விழுந்தது.

"சார், ஸ்டேட்மென்டோட பிரசாதமும் அனுப்புறோமா?" என்றார் ஆபரேட்டர்.

"மெக்கானிக்குக்கு போன் போடுய்யா" என்று சிடுசிடுத்தவர், என் பக்கம் திரும்பினார். "அம்மா, பழைய மெஷின்ல அடிச்சுத் தரோம். இன்னிக்கு நீங்களே மடிச்சுடுங்க."

"மடிக்கிறேன் சார். ஸ்டூல் வரட்டும்."

அவரே போய் எடுத்து வந்தார்.

மறுநாள் புது மெஷின் சுத்தமாக ஓடியது. ஸ்டூல் ரூமுக்குள்ளேயே இருந்தது. உட்காரு என்று யாரும் சொல்லவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.