வெள்ளிக்கிழமைக்குள் நான்கு ஜன்னல்கள்

மண்ணெண்ணெயில் ஊறிய துரு விரல் இடுக்கில் ஏறிவிட்டால் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் மூன்று நாளைக்குப் போவதில்லை. சோற்றைப் பிசைந்தாலும் அந்த மணம்தான், பாணைப் பிய்த்தாலும் அந்த மணம்தான், ஓதப் போன இடத்தில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காரும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை என் கைகள் அப்படித்தான் மணத்தன. அந்த ஐந்து நாட்களுக்குள் கண்டக்குழியில் இருந்த எங்கள் வீட்டின் நான்கு ஜன்னல்களையும் உம்மாவும் நானும் பூட்டப் பழக்கப் பார்த்தோம். ஜன்னலைப் பழக்குவதா என்று கேட்பவர்கள், வருடக்கணக்காகத் திறந்தே கிடந்த ஜன்னலை ஒருநாளும் சாத்திப் பார்க்காதவர்களாக இருக்க வேண்டும்.

எங்கள் வீடு சிறியது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு குசினி. அறைக்கு மட்டும் இரண்டு ஜன்னல்கள், அவற்றில் பெரியது நேரே கடலைப் பார்த்தது. எல்லாம் இரட்டைக் கதவு வைத்த பலகை ஜன்னல்கள், வெளிப்பக்கமாகத் திறப்பவை. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கதவுகள் பகல் முழுதும் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும் என்பதால், வாப்பா ஒவ்வொன்றையும் அகலத் திறந்து, பிய்ந்த வலையிலிருந்து எடுத்த நூலால் சுவர் ஆணியோடு இழுத்துக் கட்டிவிட்டிருந்தார். வீட்டில் எது பழுதானாலும் வாப்பாவிடம் இருந்த ஒரே மருந்து வலை நூல்தான். ஜன்னல் எதற்கு, காற்று வரத்தானே, பிறகு ஏன் பூட்டுவது என்பது அவருடைய நியாயம். யுத்த காலத்தில் அந்தக் கரையில் எங்கள் ஊரவர்களைத் தவிர வேறு யாரும் நடந்ததுமில்லை, ஆகவே அந்த நியாயத்தை மறுத்துப் பேச வீட்டில் ஒருவருக்கும் தேவை வரவில்லை.

யுத்தம் முடிந்தது, லொட்ஜ்கள் வந்தன. எங்கள் வீட்டுக்கு இருநூறு அடி தள்ளி ஓலைக் கூரை போட்ட கொட்டில்கள் எழும்பின. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடல் மேல் பறந்தார்கள், களைத்துப் போனால் எங்கள் ஜன்னலோரமாக நடந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வாப்பாவும் திரும்பிச் சிரிப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம் வைகாசியில், படகிலிருந்து இறங்கி வந்து நெஞ்சு நோகிறது என்று படுத்த வாப்பா, புத்தளத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ, ரோட்டில் போகிறவனுக்கு உம்மா என்ன கறி ஆக்குகிறார் என்பது வரை தெரியும். சீலை கட்டி மறைத்துப் பார்த்தோம். சோளகத்துக்கு முன்னால் சீலை என்ன செய்யும், அது முகட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மாமா வந்த திங்கட்கிழமையும் அப்படித்தான் நடந்தது. மாமா உம்மாவின் மூத்த சகோதரர், உம்மா அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். பாலாவியில் இரண்டு லொறி வைத்து உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். ஜனாஸாவை அடக்கியதிலிருந்து எங்களுக்கு அரிசி வாங்கிப் போட்டது வரை எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான், அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவுமில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவரின் தலையில் ஜன்னல் சீலை வந்து சுற்றிக்கொண்டது. அதை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னார்.

“தங்கச்சி, ஒரு ஜன்னலும் பூட்டாத ஊட்டுல எப்படி இத்தா இரிக்கிறது? வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு லொறியக் கொண்டு வாறன். சாமான ஏத்திட்டு நம்மட ஊட்டுக்குப் போவோம்.”

“நானா, அவரோட இருந்த ஊட்டுலதானே இத்தா இரிக்கணும்?”

“ஓம், மறைப்பு இருந்தா. மறைப்பில்லாட்டிப் போகலாம் எண்டு பள்ளி லெப்பையும் சொல்றாரு.”

“அப்ப மறைப்பு இருந்தா இரிக்கலாம்.”

மாமா நான்கு ஜன்னல்களையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். சிரிக்கக்கூடாத வீட்டில் சிரிப்பை அடக்கியது அவர் முகத்தில் தெரிந்தது. “இருந்தா இரிங்க. வெள்ளிக்கிழம வந்து பாக்கிறன்,” என்றார். எழும்பும்போது, வீடு சும்மா கிடக்கப் போவதென்றால் அந்த லொட்ஜ் முதலாளி வாடகைக்குக் கேட்கிறான் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசிச் சொல்தான் உம்மாவைப் பிடித்துக்கொண்டது. மாமா போன பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, பெரிய ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார். “மகள், இப்ப வெளிக்கிட்டா அடுத்த தரம் நாம இந்த ஊட்டுக்கு விருந்தாளியாத்தான் வருவோம். லொட்ஜ்காரன் வந்து குந்தினா எழும்ப மாட்டான். பிறகு நான் காலம் பூராவும் மதினிட குசினியிலதான் நிக்கணும்.” உம்மா அழவில்லை.

ஊரில் மரவேலை செய்யும் ஓடாவி இல்லாமல் இல்லை. நான் போய்ச் சொன்னதும் வந்தார், வேலிக்கு வெளியே வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், உள்ளே வந்து பார்க்காமல் ஒன்றும் செய்ய ஏலாது, ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் இத்தா நேரத்தில் வரவும் ஏலாது என்று தென்னை மரத்திடம் சொல்வதுபோலச் சொன்னார். மாமா கூட நின்றால் அவர் வந்திருப்பார். ஆனால் மாமாவிடம் அதைக் கேட்பது, நீங்கள் சொன்னதைச் செய்யாமலிருக்க எனக்கு உதவுங்கள் என்று அவரிடமே கேட்பதுபோலாகும். ஓடாவி நல்ல மனிதர். போகும்போது ஒரு ஸ்குரூ ட்ரைவரையும் சீவுளியையும் வேலிக் கட்டையில் மறந்துவிட்டுப் போனார். மறந்த சாமானை யாரும் பழந்துணியில் சுற்றி வைப்பதில்லை.

சுபஹு தொழுதுவிட்டு, லொட்ஜ்காரர்கள் எழும்ப முதல் வேலையைத் தொடங்குவோம். நான் வெளியே, உம்மா உள்ளே. முதல் வேலை வாப்பா கட்டிய நூலை அவிழ்ப்பது. நான் நகத்தால் முடிச்சைத் தோண்டிக்கொண்டிருக்க, உம்மா மீன் வெட்டும் கத்தியை நீட்டி, வெட்டுங்க மகள் என்றார். வாப்பா போட்ட முடிச்சு என்று நான் இழுத்தேன். “வாப்பா போட்ட முடிச்சாலதான் இப்ப நாம இந்தப் பாடு படுறோம்,” என்றார் உம்மா. அன்று வாப்பா மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

குசினி ஜன்னல் இலகுவாக வசப்பட்டது. கீழ்ச்சட்டத்தில் அடைந்திருந்த மண்ணையும் கரியையும் கரண்டிக் காம்பால் சுரண்டி, கதவைத் தாங்கும் பிணைச்சலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் தேங்காயெண்ணெய் விட்டு ஆட்டினோம். முதலில் கிழட்டு ஆடுபோல முனகியது, பிறகு அசைந்தது. கூடத்து ஜன்னலில் பிணைச்சல் ஆணிகள் துருப்பிடித்துக் கழன்று, துளைகள் பெருத்துப் போயிருந்தன. புது ஆணி போட்டாலும் துளை அதைப் பிடிக்கவில்லை. உம்மா நெருப்புக் குச்சிகளின் தலையைக் கிள்ளிவிட்டு மூன்று நான்காகத் துளைக்குள் திணித்து, அதற்குள் ஆணியை முறுக்கினார், இறுகிக்கொண்டது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அலுமாரிக் கதவுக்குத் தான் எப்போதும் செய்வதுதான், வாப்பாவுக்குத் தெரியாது என்றார்.

அறையின் சின்ன ஜன்னல் எங்களை ஒரு முழுக் காலை முட்டாளாக்கியது. இரண்டு கதவும் சட்டத்துக்குள் தனித்தனியே போயின, சேர்த்துச் சாத்தினால் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. உப்புக் காற்றில் மரம் ஊதிவிட்டது என்று முடிவு கட்டி, உம்மா ஒரு கதவின் விளிம்பைச் சீவுளியால் சீவினார், சாத்தினோம், முட்டியது, இன்னும் சீவினார், முட்டியது. அரை விரல் அகலம் சீவித் தள்ளிய பிறகுதான் நான் வெளியே நின்று ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒரு கதவின் விளிம்பு மற்றதன் மேல் படிந்து உட்காரும்படி செய்யப்பட்டிருந்தது. அடியில் படுக்க வேண்டியதை முதலில் சாத்தினால் மற்றது தானாக வந்து மூடும். நாங்கள் மேலே வரவேண்டியதை முதலில் சாத்திக்கொண்டிருந்தோம். எந்தக் கதவை முதலில் சாத்துவது என்பதுகூட ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு அந்த வீட்டில் ஜன்னல் பூட்டப்படாமல் இருந்திருக்கிறது. உம்மா கீழே கிடந்த சுருள் சுருளான சீவலைப் பார்த்தார், சீவுளியைப் பார்த்தார், பிறகு வாப்பா மௌத்தான பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நெடுநேரம் சிரித்தார். சீவியதால் விழுந்த இடைவெளிக்கு என் பழைய ரப்பர் செருப்பை நீளமாக வெட்டி ஆணி அடித்தோம்.

அந்தச் சிரிப்புக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு நாள். கடலைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு வியாழக்கிழமை மட்டுமே மிஞ்சியது, அதன் நோயோ எல்லாவற்றையும்விடப் பெரியது. கதவுகள் ஒருவழியாகச் சாத்துப்பட்டன, ஆனால் தாழ்ப்பாள் இறங்க வேண்டிய இடத்தில் சட்டம் கறையான் தின்று மாவாகிக் கிடந்தது. விரலால் தொட்டால் கொட்டியது. அதில் தாழ்ப்பாளை இறக்குவதும் சோற்றுக்குள் இறக்குவதும் ஒன்றுதான். ஆணி அடித்து நிரந்தரமாக மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். உம்மாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. காற்றில்லாத அறையில் நான்கு மாதம் இருந்தால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டி வரும், அது நானாவுக்கு இன்னும் வசதி என்றார். புதுப் பலகைத் துண்டு ஒன்று வைக்க வேண்டும், அதற்கு மரம் அறுக்கும் வாள் வேண்டும், வாள் இல்லை. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லும்வரை விறகுக் கட்டையைக் கத்தியால் செதுக்கிக்கொண்டே இருந்தார். முடியவில்லை.

லொறி வந்து நின்ற சத்தம் கேட்டது. பின்பெட்டி வெறுமையாகக் கழுவி விடப்பட்டிருந்தது, எங்கள் சாமானுக்காக. மாமா ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடு இறங்கி, என்னைக் கூப்பிட்டார். “வாங்க புள்ள, வெளியில நிண்டு பாத்தாத்தான் தெரியும்.”

குசினி ஜன்னலில் விரலைக் கொடுத்து இழுத்தார், அசையவில்லை. கூடத்து ஜன்னலை இரண்டு தரம் இழுத்தார். சின்ன ஜன்னலின் ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இது ஆர்ட செருப்பு என்று மட்டும் கேட்டார். பிறகு கடல் பக்கம் திரும்பினோம். அந்தப் பக்கம் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. நான் யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மாமா கதவின் அடி விளிம்பில் நான்கு விரலையும் கொடுத்து இழுத்தார். கதவு ஒரு விரல் அளவு வெளியே வந்தது. வந்தது, பிறகு திரும்ப உள்ளே போனது. தாழ்ப்பாள் போட்ட கதவு அப்படிச் செய்யாது. இன்னொரு தரம் இழுத்தார். மறுபடி கொஞ்சம் வந்து, மறுபடி உள்ளே போனது. கீழ் இடுக்கில் உம்மாவின் விரல் நகங்கள் வெளுத்துப்போய் நிற்பதை நான் கண்டேன். மாமா என்னைவிட உயரம், அவர் கண்ணுக்கு அது பட்டதோ என்னவோ. கதவுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் உம்மாவுமாக, காற்று பெரிதாகக் கேட்க, நின்றார்கள். பிறகு மாமா கையை எடுத்து, சட்டையில் படாமல் தூசியைத் தட்டிக்கொண்டார்.

“இறுக்கமாத்தான் இரிக்கி,” என்றார், எனக்குக் கேட்கும் அளவுக்கு அல்ல, உள்ளே கேட்கும் அளவுக்கு. லொறி வெறுமையாகவே திரும்பிப் போனது.

நான் உள்ளே ஓடியபோது உம்மா ஒரு காலைச் சுவரில் ஊன்றி இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா போய்விட்டார் என்று நான் மூன்று தரம் சொன்ன பிறகுதான் விட்டார். மறு கிழமை பலகைத் துண்டு பொருந்தியது, தாழ்ப்பாள் இறங்கியது. உம்மா தன் இத்தாவைத் தன் வீட்டிலேயே இருந்து முடித்தார். அதன் பிறகு அந்தக் குசினியில் சோறாக்கி லொட்ஜ் வேலையாட்களுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்து என்னைப் படிப்பித்தார்.

இப்போது நான் புத்தளம் டவுனில் இருக்கிறேன், உம்மா இன்னும் கண்டக்குழியில்தான். அந்தப் பலகை ஜன்னல்கள் இல்லை. தள்ளித் திறக்கும் அலுமினியக் கண்ணாடி ஜன்னல்கள் வந்துவிட்டன, ஒரு குழந்தையின் கைக்கே அசைகின்றன. பெரிய ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. லொட்ஜ்காரர்கள் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிட்டார்கள், எட்டிப் பார்க்க இனி யாருக்கும் வழியில்லை. சோளகமும் அந்த மதிலில் மோதி மேலால் போய்விடுகிறது.

போன வருடம் மாமா மௌத்தானார். பாலாவியில் ஜனாஸாவை எடுத்த பிறகு உம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டக்குழிக்கு பஸ்ஸில் வரும்போது, இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு மாமாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

உம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“நானா லொறி வாங்க முந்தி பன்னெண்டு வருஷம் கரைவலை இழுத்த கை மகள் அது. உண்மையா இழுத்திருந்தா ஜன்னலோட நானும் வெளியில வந்திருப்பன்.”