கற்பூரமும் சோப்புத் தண்ணீரும்

ஏசி ரிப்பேர் கற்றுக்கொள்வது சுலபம். கற்றுக்கொண்டேன் என்று ஒரு சான்றிதழ் வாங்குவதுதான் உயிரை வாங்கும். ஏதாவது ஒரு சான்றிதழுக்காக யார் முன்னாலாவது கைகட்டி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

போனில் ஆம்பளை

நாமக்கல்லில் ஒரு ஏசி சர்வீஸ் சென்டரில் எனக்குப் போன் எடுக்கிற வேலை. ஓய்ந்த நேரத்தில் மெக்கானிக்குகள் பக்கத்தில் நின்று பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன். "சர்டிபிகேட் கொண்டா, டூல்ஸ் பையைத் தாரேன். அதுவரைக்கும் போன்தான் அம்மணி" என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் போனைக் கிணற்றில் வீச எனக்கு அவ்வளவு ஆசை.

ஏன் என்று கேளுங்கள். திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவர் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார். ஃபில்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னேன். ஆம்பளைங்க யாராவது இருந்தால் போனைக் கொடு என்றார். அப்போது அங்கே இருந்த ஒரே ஆம்பளை டீ கொண்டுவந்தவர். அவரிடம் போனைக் கொடுத்து, நான் சொன்னதையே சொல்ல வைத்தேன். ஃபில்டரைக் கழுவிவிட்டு ரிக் வண்டிக்காரர் மறுபடி கூப்பிட்டார்: "இப்பச் சில்லுனு வருதுங்க அம்மணி. அந்த மெக்கானிக்கு கெட்டிக்காரருங்க!"

பார்த்தே பழகு

சேலத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். முதல் பாடம், புது ஏசிகளில் வரும் கேஸ் தீப்பிடிக்கும், கேஸ் வேலை நடக்கிற இடத்தில் தீக்குச்சிகூட உரசக்கூடாது என்பது. மாஸ்டர் இதை எங்களைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கூவ வைத்தார். உருப்படியாக நடந்த பாடம் அது ஒன்றுதான்.

வகுப்பில் ஒரு ஏசி இருந்தது. தலை முதல் கால் வரை சந்தனம், குங்குமம். நிலையத்தின் தாளாளர் நல்ல நேரம் பார்த்துத் தன் கையால் மாட்டியதாம். அதைத் திறந்து காட்டச் சொன்னேன். மாஸ்டர் பதறிவிட்டார். "தொட்டாக் கெட்டுப்போயிரும்மா. எல்லாரும் பாத்தே பழகிக்கோங்க."

கூடத்துக்குள் வெளிப்பெட்டி

நேரடிப் பயிற்சி என்று எடப்பாடியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏசி ஓடுகிறது, வீடு கொதிக்கிறது. சுற்றிப் பார்த்தால், வெளியே சுவரில் இருக்க வேண்டிய பெட்டியும் அதே கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. வெளியே வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மாட்டியவனும் சரி என்று தலையாட்டியிருக்கிறான். எந்தப் புண்ணியவான் மாட்டினான் என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, நாங்க என்ன கண்டவனையா ஊட்டுக்குள்ள உடுவோம்? சர்டிபிகேட் வாங்குன பையன்தானுங்க!"

தேர்வு

தேர்வுக்காகக் கடைசியில் அந்தக் குங்குமப் பெட்டியைத் திறந்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். நட்டுப் பக்கம் குமிழி குமிழியாகக் கிளம்பியது. கேஸ் வெளியே வருகிறது. ஸ்பேனரை எடுக்கத் திரும்பினால், தாளாளர் தட்டில் கற்பூரம் எரிய எரிய வருகிறார். மெஷினைத் திறந்ததற்குப் பரிகாரமாம். கேஸ் சார், கேஸ் சார் என்று கத்தினேன். முதல் பாடத்தைக் கூவ வைத்த மாஸ்டரோ கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கையிலிருந்த சோப்புத் தண்ணீர்க் குவளையை அப்படியே தட்டில் கவிழ்த்தேன். கற்பூரம் அணைந்தது, எலுமிச்சம்பழம் உருண்டது, தாளாளரின் பட்டுச் சட்டையெல்லாம் நுரை.

பொம்பளைப் பிள்ளை தீபத்தை அணைத்தால் விளங்குமா என்று அவர் ஒரு மூச்சு ஆடித் தீர்த்தார். அந்த நட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெயிலுக்குக் காரணம் சொன்னார். "வேலை சரிதாம்மா. பணிவு பத்தலை."

மறுதேர்வு

ராசிபுரம் வழியாக பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன், மறைப்பானேன். மறுபடி போன், மறுபடி ஆம்பளையைக் கூப்பிடு. டூல்ஸ் பை வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுதேர்வுக்குப் போனேன். அதே மெஷின், அதே தேர்வாளர், அதே தட்டு. தாளாளர் முதல் காரியமாக என் குவளையைத் தூக்கித் தூர வைத்தார். பிறகு அந்த நட்டுக்கு நேராகவே கற்பூரத்தைச் சுற்றினார். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினேன். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. போன தேர்வில் நான் காட்டிய நட்டை யாரும் முறுக்காததால், பெட்டியிலிருந்த கேஸ் முழுக்க என்றைக்கோ கசிந்து போயிருந்தது. சொன்னேன், காதில் வாங்க ஆளில்லை. கேஸே இல்லாத ஏசியை நன்றாகக் குளிர வைத்தேன் என்று தேர்வாளர் என்னைப் பாஸ் போட்டார். மாஸ்டர் திருநீற்றை நீட்டியபடி சொன்னார்: "பாத்தியாம்மா, ஒன்னும் ஆவலை. சாமி பாத்துக்கும்னா கேக்கறியா நீ?"

இப்போது டூல்ஸ் பை என் தோளில், சான்றிதழ் அதன் அடியில். புது ஏசிக்கு யாராவது கற்பூரத் தட்டோடு வந்தால் நான் எடுப்பது அந்தச் சான்றிதழை அல்ல, சோப்புத் தண்ணீரைத்தான்.