மூன்று கோடுகளில் ஒரு கையெழுத்து

பிள்ளைகளே, போன வாரம் மூத்தவள் கோலாலம்பூரிலிருந்து போன் போட்டு, தோழிகள் இருவரோடு சேர்ந்து வீடு எடுக்கப் போவதாகச் சொன்னாள். அக்ரிமெண்டில் அவள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்களாம். நான் உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபமா என்று கேட்டாளாம். கோபம் இல்லை. என் கண் முன்னால் ஒரு பழைய தாள் வந்து நின்றது. முத்திரை ஒட்டிய நீளமான தாள். அதன் அடியில் கையெழுத்துக்கு மூன்று கோடுகள். முதல் கோட்டில் மட்டும் என் பெயர். மூன்று பேரும் போடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தத் தாளால் நான் ஒருவருக்குச் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் அங்கே சூப்பர்வைசராக இருந்த ஒருவர். எனக்கு ரத்த சொந்தம் இல்லை. எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நேர்முகத்துக்குப் போக எனக்கு நல்ல சப்பாத்து இல்லை என்று தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க ஜப்பான் சிலிப்பரோடு லைனில் நின்றவர் அவர். அவரும் நானும் சுற்றுலா பஸ் ஓட்டும் ஒரு டிரைவரும் சேர்ந்து ஜார்ஜ்டவுனில் ஒரு பிளாட்டை இரண்டு வருஷத்துக்குச் சேவாவுக்கு, அதாவது வாடகைக்கு, எடுப்பது என்று பேசினோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கத் தமிழர். டீச்சர் என்றே அவரை அழைப்போம்.

கையெழுத்துப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டீச்சர் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் மட்டும் நேரத்துக்குப் போனேன். நாலு மணி தாண்டியதும் அண்ணன் ஏதோ கோப்பிக் கடையிலிருந்து போன் போட்டார். "நாலரைக்கு ராகு காலம் தம்பி. நீ முந்திப் போட்டுடு. நாங்க பொறவு வந்து போட்டுக்கிறோம் லா." டீச்சருக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் நான் போட்டேன். மற்ற இரண்டு கோடுகளும் அப்படியே வெறுமையாக நின்றுவிட்டன.

டிரைவர் நாலு மாதம் இருந்தார். பிறகு ஜொகூரில் வேலை என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் கட்டில் காலியானதும் அண்ணன் ஆட்களைக் கூட்டி வர ஆரம்பித்தார். ரப்பர் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்தவன், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன், பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று யார் வந்தாலும் அவருக்குத் தம்பிதான். நான் வேலை விட்டு வந்தால் முன்கூடத்தில் முகம் தெரியாத கால்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாடகை நாள் வந்தால் அண்ணனைக் காண முடியாது. கையில் இருந்ததை யாருக்காவது கொடுத்திருப்பார். தாளில் என் பெயர் மட்டும் இருந்ததால் முழு வாடகையும் என் தலையில். குடித்து அழித்தார் என்றால் திட்டியிருப்பேன். கொடுத்தே அழித்தவரை எப்படித் திட்டுவது?

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அந்த வீட்டில் உங்கள் அம்மாவைக் கொண்டுவந்து வைக்க முடியாது. அவளைக் கெடாவில் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் பெர்ரிப் படகு ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்துப் போய் வந்தேன். மூத்தவள் பிறந்தாள். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் உங்கள் தாத்தா வீட்டைப் பார்க்க வந்தார். அன்றைக்கென்று சமையலறைத் தரையில் ஒருவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தாத்தா அவனைச் சுற்றி நடந்து போய்த் தண்ணீர் குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பேசினார். "மாப்ள, இது பொண்ண அனுப்புற வீடு இல்ல." அந்தச் சொல் என்னை உட்கார விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போனேன்.

நான் வெளியேற வேண்டுமானால் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு வீட்டைத் தன் பேருக்கு ஏற்க வேண்டும், அதுதான் வழி என்று நினைத்தேன். கேட்கும்போதெல்லாம் நாளைக்கு லா, நாளைக்கு லா. ஒரு ஞாயிறு கையோடு இழுத்துக்கொண்டு போனேன். பஸ் சுணங்கிவிட்டது. டீச்சர் வீட்டு வாசலில் கடிகாரத்தைப் பார்த்து அண்ணன் நின்றுவிட்டார். நாலரை தாண்டியிருந்தது. "இந்த நேரத்துல போட்டா வீடு தங்குமாடா?" என்று சொல்லி என்னையே கோப்பி குடிக்கக் கூட்டிப் போனார். கோப்பிக் கடையில் அவர் சொன்ன ஏதோ ஒரு கதைக்கு நானும் சிரித்தேன். சிரித்த பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுத் தனியாக டீச்சரிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்துப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டது நீ ஒருத்தன்தான் தம்பி. நீ விட்டா வீடு என் கைக்கு வந்துரும். அவங்கள எனக்கு யாருன்னே தெரியாது." ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், மீதிக் காலத்தைப் பெரிதுபடுத்த மாட்டேன் என்றார். வீட்டைக் கேட்டு அவர் உறவினர் ஒருவர் காத்திருந்தாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் என்னைக் கட்டிப் போட்ட அதே தாள்தான் என்னை அவிழ்த்தும் விடுகிறது. ஆனால் நான் மட்டும் வெளியே போக முடியாது. அண்ணனையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளவேண்டும். டீச்சர் சொல்லச் சொல்ல நானே கடிதத்தை எழுதினேன். முடித்தபோது மணி மூன்றே முக்கால். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை என்ன நேரம் என்று எனக்கும் தெரியும். இன்னும் முக்கால் மணி பொறுத்திருக்கலாம். பொறுத்தால் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் உடனே போட்டேன்.

அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவர் வாங்கி வந்த நாசி லெமாக்கைத்தான் காலையில் சாப்பிட்டேன். கடைசியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே தம்பி."

அவ்வளவுதான். பஸ் வந்ததும் வழக்கம்போல என்னை முதலில் ஏறச் சொன்னார்.

அதற்குள் நான் ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் அண்ணன் இரண்டு அட்டைப்பெட்டியோடு கிளம்பினார். ஒரு கூட்டாளி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போவதாகச் சொன்னார். அவர் இத்தனை பேருக்கு இடம் கொடுத்தாரே, இப்போது இவருக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. வாசலில் நின்று, "புது வீட்டு அட்ரஸ் குடு, புள்ளயப் பாக்க வரணும்" என்றார். எழுதிக் கீழே தபால் பெட்டியில் போட்டு வைக்கிறேன், உங்கள் பேருக்கு வரும் கடிதம் எடுக்க வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். அடுத்த மாதமே கம்பெனியில் வேறு ஷிப்டுக்கு மாறினார், பிறகு வேலையையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கும் நம் வீட்டுக் கேட் முன்னால் மோட்டார்சைக்கிள் நின்றால் நான் எழுந்து எட்டிப் பார்ப்பதை நீங்கள் கேலி செய்வீர்கள். யாரைப் பார்க்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை.

அண்ணன் போன பிறகு வீட்டைக் கூட்டிக் கழுவிப் பூட்டிவிட்டுக் கீழே வந்தேன். தபால் பெட்டிகளின் முன் யாரும் இல்லை. சட்டைப்பையில் இருந்த துண்டுத் தாளை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினேன். என் பெயர். பிறகு தெருவின் பெயர். ஊர் ஆயர் ஈத்தாம் என்று தெளிவாக எழுதினேன். வீட்டு நம்பரிடம் வந்ததும் கை நின்றது. சமையலறைத் தரையில் தூங்கியவனும், அவனைச் சுற்றி நடந்த உங்கள் தாத்தாவும் கண்ணுக்குள் வந்தார்கள். அந்தத் தெரு மிக நீளம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள். நம்பரை எழுதாமலே தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.